போன் தாயின் கையில் இல்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்

பிள்ளை பெற்ற தாய்க்கு வரும் மனச்சோர்வுக்குச் செயலி செய்யப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வரைவது ஒரு முகப்புத் திரையைத்தான். இளம் வண்ணப் பின்னணி, "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி, கீழே அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை ஐந்து படங்கள். அந்தத் திரையை யார் பார்ப்பார்கள் என்று யோசித்தால்தான் சிக்கல் புரியும். கிராமப்புற வீடுகள் பலவற்றில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான் இருக்கும். பகலில் அது கணவரோடு வேலைக்குப் போய்விடும், மாலையில் பிள்ளைகளிடம் இருக்கும், இரவில் சார்ஜில் கிடக்கும். தாயின் கைக்கு வரும் கொஞ்ச நேரத்திலும் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். "நேற்று அழுதீர்களா?" என்ற கேள்வியை அவருக்கு முன்னால் வேறொருவர் படித்துவிடலாம். படித்துவிட்டு, "பிள்ளை பிறந்த வீட்டில் எதற்கு இந்த அழுகை?" என்று கேட்டுவிடலாம். அதற்குப் பிறகு அந்தத் தாய் எந்தக் கேள்விக்கும் உண்மையான பதில் சொல்லமாட்டார்.

ஆகவே, போன் அவர் கையில் இல்லை என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். கேள்வியை எப்போது கேட்பது, எந்த வழியில் கேட்பது, பதிலை எங்கே வைப்பது, யார் திரும்ப அழைப்பது எல்லாமே இதிலிருந்துதான் பிறக்கின்றன.

எதைத் தேடுகிறோம்

பிரசவம் முடிந்த இரண்டாம், மூன்றாம் நாளில் காரணம் தெரியாத அழுகையும் எரிச்சலும் பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு வரும். நாலைந்து நாளில் அது உச்சத்துக்குப் போகும், இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். இது நோய் இல்லை. இரண்டு வாரத்தைத் தாண்டியும் எதிலும் நாட்டமில்லாமல், குழந்தை தூங்கும்போதுகூடத் தனக்குத் தூக்கம் வராமல், தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் விடாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். கர்ப்பத்திலேயே தொடங்குவதும் உண்டு, குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டுவதும் உண்டு. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி உலக அளவில் பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு, வளரும் நாடுகளில் 19.8 சதவீதம் பேருக்கு, ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு வருகிறது. அதில் முதன்மையானது மனச்சோர்வு.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், தாய்க்கு மனம் பிறழ்ந்துவிடும். நாள்கணக்கில் தூக்கமே இல்லாமல் பரபரப்பாக இருப்பார், இல்லாத குரல் கேட்கும், குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் வரும். இது அவசர நிலை. இதற்குச் செயலியில் கேள்வித்தாளும் வேண்டாம், ஆறுதல் ஒலிப்பதிவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு வண்டி ஏற்பாடு செய்வதுதான் செயலியின் வேலை. தாயே இதைச் சொல்லும் நிலையில் இருக்கமாட்டார் என்பதால், முதல் இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் போகும் சுகாதாரப் பணியாளரின் செயலியில் இந்த அறிகுறிகள் தனியாக, சிவப்பில் இருக்க வேண்டும்.

பத்துக் கேள்விகளும் அவற்றைக் கெடுக்கும் வழிகளும்

பிரசவத்தை ஒட்டிய மனச்சோர்வைக் கண்டறிய உலகம் முழுக்கப் புழங்கும் கேள்வித்தாள் எடின்பரோ அளவுகோல். காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி என்ற மூவர் 1987-ல் வெளியிட்டது. பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாள்களைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள், 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. தூக்கம் குறைவு, களைப்பு போன்ற உடல் அறிகுறிகளை இது அதிகம் கேட்காது. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் எல்லாத் தாய்க்கும் களைப்பு இருக்கும் என்பதால் அது சரியான முடிவு. இதன் பதிப்புரிமை பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸ் அமைப்பிடம் இருக்கிறது. செயலியில் ஏற்றுவதற்கு முன் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

நிரல் எழுதுகிறவர்கள் முதலில் தவறுவது மதிப்பெண்ணில். 1, 2, 4 ஆகிய மூன்று கேள்விகளுக்கு மட்டும் முதல் பதிலுக்கு 0, கடைசிப் பதிலுக்கு 3. மற்ற ஏழுக்கும் தலைகீழ்: முதல் பதிலுக்கு 3, கடைசிப் பதிலுக்கு 0. எல்லாவற்றுக்கும் ஒரே வரிசையை வைத்துவிட்டால் மொத்தம் பார்ப்பதற்கு நியாயமான எண்ணாகவே வரும், யாருக்கும் சந்தேகம் வராது. மனச்சோர்வில் இருப்பவர் நலமாகத் தெரிவார். முதல் பதிலையும் கடைசிப் பதிலையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, காகிதத்தில் கையால் கூட்டி, இருபது வகைப் பதில்தொகுப்புகளைச் செயலியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் களத்துக்கு அனுப்பக்கூடாது.

அடுத்த தவறு மொழிபெயர்ப்பில். ஆறாவது கேள்வியின் ஆங்கில மூலம் ஒரு மரபுத்தொடர். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் "காரியங்கள் என் மேல் ஏறிக்கொண்டிருக்கின்றன" என்று வரும். கேட்கும் தாய்க்கு ஒன்றும் புரியாது. "வேலைகளைச் சமாளிக்க முடியாமல் திணறினேன்" என்று பொருளைப் பிடித்துச் சொல்ல வேண்டும். முறைப்படி சரிபார்க்கப்பட்ட மொழிபெயர்ப்பு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மொழியாக்கம் செய்து, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிட வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து தாய்மாரிடம் வாய்விட்டுப் படித்துக்காட்டி, "இதில் உங்களிடம் என்ன கேட்கிறார்கள்?" என்று அவர்கள் சொற்களிலேயே சொல்லச் செய்ய வேண்டும். எழுத்தில் சரியாக இருந்த கேள்வி காதில் விழும்போது வேறாகிவிடுவதை இந்தக் கட்டத்தில்தான் பிடிக்க முடியும்.

எந்த மதிப்பெண்ணுக்கு மேல் போனால் அழைப்பது? இதற்கு ஒரே விடை கிடையாது, பொறுப்பாகக் கணக்குப் போட வேண்டிய இடம் இது. 2020-ல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு 58 ஆய்வுகளில் பங்கேற்ற பெண்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. 11 என்று வைத்தால் நோயுள்ளவர்களில் 81 சதவீதம் பேரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 88 சதவீதம் பேரைச் சரியாக விடுவிக்கும். 13 என்று வைத்தால் முறையே 66, 95. இதை ஆளெண்ணிக்கையாக மாற்றுங்கள். ஆயிரம் தாய்மாரில் 200 பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக வைத்துக்கொண்டால், 11-ல் 162 பேர் கிடைப்பார்கள், 38 பேர் நழுவுவார்கள், நோயில்லாத 96 பேரும் பட்டியலில் சேர்வார்கள். ஆக, பேச வேண்டியவர்கள் 258. 13-ல் பேச வேண்டியவர்கள் 172 பேர்தான், ஆனால் நழுவுகிறவர்கள் 68.

ஒரு பயிற்சி பெற்ற ஆள் ஒரு நாளில் அவசரமில்லாமல் எட்டுப் பேரோடு பேசலாம். 258 பேருக்கு ஒருவர் மட்டும் இருந்தால் 32 நாள் ஆகும். அத்தனை நாள் காத்திருக்கச் செய்வதானால் கேள்வி கேட்டதே தவறு. எனவே அழைக்க எத்தனை ஆள் இருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிவிட்டு, ஒரு வாரத்தில் எத்தனை தாய்மாரைக் கேட்பது என்று முடிவு செய்யுங்கள். ஒரே நாளில் மாவட்டம் முழுவதற்கும் கேள்வி அனுப்புவதைவிட, ஒவ்வொரு குழந்தையின் பிறந்த தேதியிலிருந்து எண்ணி அனுப்பினால் வேலை தானாகப் பரவிக்கொள்ளும்.

எந்த வாரத்தில் கேட்பது என்றால், முதல் இரண்டு வாரத்தில் வேண்டாம். தானாக அடங்கும் அழுகையெல்லாம் மதிப்பெண்ணாகிவிடும். ஆறாவது வாரம் பொருத்தமானது, பேறுகாலத்துக்குப் பிந்தைய பரிசோதனையும் ஒரு தடுப்பூசித் தவணையும் பல நாடுகளில் அப்போதுதான் வருகின்றன. 14-ஆம் வாரத் தடுப்பூசியின்போது இன்னொரு முறை, பிறகு ஆறாம் மாதம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ஒருமுறை கேட்டுவிட்டால் பாதி வேலை முன்பே முடியும். தடுப்பூசி நாளுக்கு இன்னொரு வசதி உண்டு. தாய் வீட்டைவிட்டு வெளியே வருவார், பணியாளரோடு ஐந்து நிமிடம் தனியாக உட்கார அவருக்கு நியாயமான காரணம் இருக்கும். பணியாளரின் டேப்லட்டில் கேள்விகள் ஹெட்போனில் ஒலிக்க, தாய் படத்தைத் தொட்டுப் பதில் சொன்னால், பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குக் கேள்வியும் தெரியாது, பதிலும் தெரியாது.

எந்த வழியில் போய்ச் சேர்வது

வீட்டிலிருக்கும் தாயை எட்ட நான்கு வழிகள் இருக்கின்றன. ஸ்மார்ட்போன் செயலி, எஸ்.எம்.எஸ்., யு.எஸ்.எஸ்.டி. (*, # சேர்த்து ஓர் எண்ணை அழுத்தினால் இணையமில்லாமலே திரையில் வரும் பட்டியல்), பதிவுக் குரல் அழைப்பு. தென்னாப்பிரிக்காவின் மாம்கனெக்ட் 2014-ல் யு.எஸ்.எஸ்.டி. பதிவும் எஸ்.எம்.எஸ்ஸுமாகத் தொடங்கியது. இந்தியாவின் கில்காரி, கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒரு குரல் அழைப்பாகப் போகிறது. இரண்டும் பொதுவான தாய்-சேய் நலத் திட்டங்கள். சாதாரண பட்டன் போனிலும் வேலை செய்ததால்தான் ஏராளமான பேரை எட்டின.

எஸ்.எம்.எஸ்ஸில் பலர் கவனிக்காத ஒன்று: ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் கொள்ளும், தமிழ் போன்ற எழுத்துகளில் 70 மட்டுமே. அந்த 70-ம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாகக் கணக்காகும். "மனச்சோர்வு" நமக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பத்து. நீளமான செய்தியை இரண்டு மூன்றாக உடைத்து அனுப்பினால் பழைய போன்களில் துண்டுகள் முன்பின்னாக வந்து சேரலாம், பின்பாதி முதலில் படிக்கப்படலாம். அதோடு எஸ்.எம்.எஸ். இன்பாக்ஸில் தங்கிவிடும், வீட்டில் யாரும் எடுத்துப் படிக்கலாம். ஆகவே அதில் மனநிலையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "செவ்வாய்க்கிழமை காலை தடுப்பூசி. வாருங்கள், பேசலாம்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

கிராமத்துக்கு என் தேர்வு பதிவுக் குரல் அழைப்பு, மிஸ்டு காலோடு சேர்த்து. தாய் ஓர் எண்ணுக்கு ஒரு ரிங் விட்டுக் கட் செய்வார். அமைப்பு திரும்ப அழைக்கும். அவருக்குச் செலவில்லை, இணையம் வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டாம், நேரத்தையும் அவரே தேர்ந்தெடுக்கிறார். கேள்விக்கு வாய்திறந்து பதில் சொல்லத் தேவையில்லை. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2. போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே குழந்தையைத் தட்டிக்கொடுக்கலாம். பார்க்கிறவருக்கு அவர் எதையோ கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் தெரியும்.

ஆனால் குரல் அழைப்பில் எடின்பரோவின் பத்துக் கேள்விகளையும் நந்நான்கு பதில்களோடு படிப்பது சித்திரவதை. நான்காவது பதிலைக் கேட்பதற்குள் முதல் பதில் மறந்துபோகும், மூன்றாவது கேள்வியில் அழைப்பு அறுந்துபோகும். குரலில் ஹூலி கேள்விகள் எனப்படும் இரண்டு போதும். கடந்த ஒரு மாதத்தில் மனம் சோர்ந்து, நம்பிக்கையிழந்து இருப்பது அடிக்கடி உங்களை வாட்டியதா? எதையும் செய்ய ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருப்பது அடிக்கடி உங்களை வாட்டியதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் மீதியை மனிதர் கேட்கட்டும்.

ஸ்மார்ட்போன் செயலிதான் வேண்டும் என்றால், அதன் பெயரிலும் ஐகானிலும் மனச்சோர்வு என்ற சொல் வரக்கூடாது. குழந்தை வளர்ச்சி, தடுப்பூசி, எடைக் கணக்கு எல்லாம் உண்மையிலேயே அதில் இருக்க வேண்டும், பொய்த்திரையாக இருக்கக்கூடாது. மனநலப் பகுதி உள்ளே நான்கு இலக்க எண்ணுக்குப் பின்னால். நோட்டிஃபிகேஷனில் "உங்களுக்கு ஒரு செய்தி" என்பதற்கு மேல் எதுவும் தெரியக்கூடாது. ஆண்ட்ராய்டில் ஃபிளாக் செக்யூர் என்ற அமைப்பைப் போட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது, அண்மைச் செயலிகளின் பட்டியலிலும் உள்ளடக்கம் தெரியாது. போனில் சேமிக்கும் பதில்களை மறையாக்கம் செய்யுங்கள், அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவையுங்கள். பதில் சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததும் போனிலிருந்து அழித்துவிடுங்கள், "போன வாரம் நான் சொன்னது" என்ற வரைபடமெல்லாம் பகிர்ந்துகொள்ளும் போனில் ஆபத்து. ஒலிப்பதிவுகளை ஓபஸ் என்ற ஒலிக்கோப்பு வடிவில், நொடிக்கு 24 கிலோபிட் அளவில் வைத்தால் மூன்று நிமிடப் பேச்சு ஏறத்தாழ 540 கே.பி.தான். பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம். இன்னொன்று: பேட்டரியை மிச்சம்பிடிக்கும் பெயரில் பல போன்கள் பின்னணிச் செயலிகளைக் கொன்றுவிடும். நினைவூட்டல் வரவில்லை என்ற புகாரில் பெரும்பகுதி இதனால்தான். எனவே முக்கியமான எதையும் போனின் உள்ளக அலாரத்தை நம்பி விடக்கூடாது, சர்வரிலிருந்து அழைப்பாகப் போக வேண்டும்.

பத்தாவது கேள்வி

எடின்பரோவின் கடைசிக் கேள்வி, தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மற்ற ஒன்பதும் கூட்டலுக்கு. இது தனி. மொத்தம் 4 ஆக இருந்தாலும் இதில் 0-வைத் தவிர எது வந்தாலும் அழைக்க வேண்டும். "எப்போதாவது" என்று சொன்னவரை அன்றே, "சில நேரம்", "அடிக்கடி" என்று சொன்னவரை ஒரு மணி நேரத்துக்குள். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் செயலிகள் இந்த இடத்தில்தான் ஆளைக் கைவிடுகின்றன.

இந்தக் கணக்கு போனிலேயே நடக்க வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் பதில்கள் போனில் தங்கி, இரண்டு நாள் கழித்து சர்வருக்குப் போய், அங்கே கணக்கிட்டு எச்சரிக்கை வந்தால் அதனால் பயனில்லை. இணையம் இல்லாவிட்டாலும் பல இடங்களில் எஸ்.எம்.எஸ். போகும். பத்தாவது கேள்வியில் எச்சரிக்கை வந்தால் இணையத்துக்குக் காத்திராமல், தாயின் எண்ணும் குறியீடும் மட்டும் உள்ள சிறு எஸ்.எம்.எஸ். பொறுப்பாளருக்குப் போகட்டும், போன எஸ்.எம்.எஸ்ஸின் பிரதி தாயின் போனில் தங்காதபடி. பணியாளர் நேரில் கேட்டிருந்தால், திரையே அவரை நிறுத்த வேண்டும்: "இவரைத் தனியே விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். இந்த எண்ணை இப்போதே அழையுங்கள்."

திரும்ப அழைப்பவருக்கு எழுதிவைத்த உரை வேண்டும், ஏனென்றால் பதற்றத்தில் நல்ல மனிதர்களும் உளறுவார்கள். போனை எடுத்தது யார் என்று தெரியும்வரை எதையும் சொல்லக்கூடாது. எண் வேறொருவருக்குக் கைமாறியிருக்கலாம். எடுத்தது குடும்பத்தினர் என்றால், "தாய்-சேய் நலத் திட்டத்திலிருந்து பேசுகிறேன், அடுத்த வருகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்" என்பதோடு சரி. தாய் வந்தால் முதல் கேள்வி, "இப்போது பேச வசதியா? வசதி இல்லையென்றால் 'சரி, அப்புறம்' என்று மட்டும் சொல்லுங்கள்." இந்தச் சங்கேதத்தைப் பதிவுசெய்யும் நாளிலேயே அவரிடம் சொல்லிவைக்க வேண்டும். பேச முடிந்தால் நேராகக் கேளுங்கள்: உயிரை விட வேண்டும் என்று தோன்றியதா, எப்படி என்று யோசித்தீர்களா, அதற்கானது வீட்டில் இருக்கிறதா, இப்போது கூட யார் இருக்கிறார்கள். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் தேவையில்லை, ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. விவசாய வீடுகளில் பூச்சிமருந்து பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். அதை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தச் செய்வது உயிர்காக்கும் வேலை. குழந்தைக்குத் தீங்கு செய்யும் எண்ணம் வருகிறதா என்பதையும் அதே நிதானத்தோடு, குற்றஞ்சாட்டும் தொனி இல்லாமல் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் தானாகப் பதில் சொல்லும் அரட்டை மென்பொருளை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆறுதல் வாக்கியங்களை அது அழகாக எழுதும். ஆனால் வண்டி அனுப்ப அதனால் முடியாது, பக்கத்து வீட்டுப் பணியாளரை எழுப்ப முடியாது, அடுத்த நாள் காலை "தூங்கினீர்களா?" என்று நினைவாகக் கேட்கும் கடமையும் அதற்கு இல்லை.

கேட்டுவிட்டு என்ன கொடுப்பது

மனநல மருத்துவர் இல்லாத ஊரிலும் சிகிச்சை முடியும் என்பதற்கு வலுவான சான்று உண்டு. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமப்புறத்தில் அதிஃப் ரஹ்மான் குழுவினர் நடத்தி, 2008-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு அது. மனச்சோர்வில் இருந்த 903 கர்ப்பிணிகள் அதில் இருந்தார்கள். சிகிச்சை கொடுத்தவர்கள் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள். பிரசவத்துக்கு முந்தைய மாதம் வாரம் ஒன்றாக நான்கு சந்திப்பு, பிரசவித்த மாதம் மூன்று, அப்புறம் மாதம் ஒன்றாக ஒன்பது, மொத்தம் 16. குழந்தைக்கு ஆறு மாதமானபோது இந்தச் சந்திப்புகள் கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது, வழக்கமான வீட்டு வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம் பேருக்கு. 2015-ல் உலக சுகாதார அமைப்பு இதன் கையேட்டை வெளியிட்டது.

அந்த முறையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, குடும்பத்தை எதிரே நிறுத்தாமல் உள்ளே இழுத்த விதம். பேச்சின் பொது இலக்கு குழந்தையின் நலம். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள், கூடவே உட்காருவார்கள். தாயின் மனத்தில் ஓடும் உதவாத எண்ணத்தை அடையாளம் காண்பது, அதற்கு மாற்றாக உதவும் எண்ணத்தைத் தேடுவது, அதைச் செயலாகப் பழகுவது என்று மூன்று படிகள், படங்களோடு.

செயலி இந்தச் சந்திப்புகளைத் தாங்கும் தூணாக இருக்கலாம், அவற்றுக்குப் பதிலாக நிற்க முடியாது. பணியாளரின் டேப்லட்டில் அன்றைய சந்திப்புக்கான படங்களும் ஒலிக்கதையும் இருந்தால் எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் சொல்லப்படும். இரண்டு சந்திப்புக்கு நடுவே ஒரு சின்ன குரல் செய்தி போகலாம். அந்தச் செய்தி ஒரே ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும், அதுவும் பத்து நிமிடத்தில் முடிவதை. "தினமும் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்றால் அது இன்னொரு தோல்வியாகத்தான் முடியும். "குழந்தை தூங்கியதும் வாசலில் போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள். முடிந்தால் 1 அழுத்துங்கள், முடியாவிட்டாலும் பரவாயில்லை, 2 அழுத்துங்கள்" என்பது செய்யக்கூடியது. தூக்கத்துக்கு வீட்டாரிடமே பேச வேண்டும். இரவில் நாலைந்து மணி நேரம் தொடர்ந்து தூங்க ஏற்பாடு ஆனால் மனநிலையில் மாற்றம் தெரியும், அது தாய் தனியாகச் செய்துகொள்ளக்கூடியது இல்லை.

வாசகங்களைத் தணிக்கை செய்ய ஒரு ஆள் வேண்டும். "நல்ல தாய் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பார்" என்ற வரி, பால் சுரக்காமல் அழுதுகொண்டிருக்கும் தாய்க்குக் கத்தி. "தாய்மை பெண்ணின் பெரும்பேறு" என்பதும் அப்படியே.

உடலையும் மறந்துவிடக்கூடாது. இரத்தசோகையும், பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறும் மனச்சோர்வு போலவே தெரியும். இரண்டுக்கும் சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் நாள்கணக்கில் இருந்ததுண்டா என்று கேட்க வேண்டும். உண்டென்றால் அது இருதுருவக் கோளாறாக இருக்கலாம், மனச்சோர்வு மருந்தைத் தனியாகக் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். வீட்டில் அடி உதை இருக்கிறதா என்பதைத் தனிமையில் கேட்க வேண்டும். இருந்தால், குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது என்ற மேலே சொன்ன வழியை நிறுத்திவிட்டுத் தாயின் பாதுகாப்பை முதலில் பார்க்க வேண்டும். மருந்து பற்றி ஒன்று: மருத்துவர் எழுதிக்கொடுத்ததைத் தாய்ப்பாலுக்குப் பயந்து தானாக நிறுத்திவிடும் தாய்மார் ஏராளம். செர்ட்ரலின் போன்ற மருந்துகள் பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. செயலி மருந்து பரிந்துரைக்க வேண்டியதில்லை. "மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்" என்று சொல்லியாக வேண்டும்.

மௌனமும் செய்திதான்

வணிகச் செயலிகளில் மூன்று வாரம் திறக்காதவரைச் செயலற்ற பயனர் என்று ஒதுக்கிவிடுவார்கள். இங்கே அது தலைகீழ். எதிலும் நாட்டமில்லாமல் போவதுதான் இந்த நோய். அழைப்பை எடுக்காமல் விடுகிறவர்களில் மிகவும் துன்பத்தில் இருப்பவர்கள் இருப்பார்கள். தொடர்ந்து இரண்டு அழைப்புகள் எடுக்கப்படாவிட்டால் பணியாளரின் அன்றைய வீட்டு வருகைப் பட்டியலில் அந்தப் பெயர் மேலே ஏற வேண்டும். சிம் மாறியிருக்கலாம், பிறந்த வீட்டுக்குப் போயிருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு மௌனம் உண்டு, அதைத் தவறவிடும் செயலி தாங்கமுடியாத கொடுமையைச் செய்யும். குழந்தை இறந்துபோயிருக்கும். பிறந்த தேதியைப் பிடித்துக்கொண்டு அமைப்பு வாரம் தவறாமல் அழைக்கும்: "உங்கள் பாப்பாவுக்கு இன்று எட்டு வாரம்! இப்போது சிரிக்கத் தொடங்கியிருப்பாள்." பணியாளர் திரையில் "குழந்தை இறந்துவிட்டது" என்று பதிய இரண்டே தொடுதல் போதுமானதாக இருக்க வேண்டும். குரல் அழைப்பின் பட்டியலிலும் ஓர் எண் அதற்கு இருக்க வேண்டும். பதிந்த அந்த நிமிடமே குழந்தைச் செய்திகள் அனைத்தும், ஏற்கெனவே வரிசையில் நிற்பவையும் சேர்த்து, நின்றுவிட வேண்டும். வரிசையில் நிற்பவை பெரும்பாலும் மறக்கப்படும், குரல் செய்திகளை முதல் நாள் இரவே தொலைபேசி நிறுவனத்துக்கு அனுப்பிவைக்கும் அமைப்புகளில் குறிப்பாக. ஆனால் அந்தத் தாயைத் திட்டத்திலிருந்து நீக்கிவிடக்கூடாது. அவருக்குத்தான் இப்போது ஆள் அதிகம் தேவை. மூன்று நாளுக்குள் ஒரு மனிதர் நேரில் போக வேண்டும். இரட்டைக் குழந்தைகளில் ஒன்று மட்டும் இறந்திருந்தால் என்ன செய்வது என்பதையும் நிரலில் இப்போதே எழுதுங்கள்.

களத்துக்கு அனுப்புமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று பாக்கியிருக்கிறது. ஒரு சனிக்கிழமை இரவு 11 மணிக்கு, யாருக்கும் சொல்லாமல், இணையத்தை அணைத்துவிட்டு, சோதனைக் கணக்கில் பத்தாவது கேள்விக்கு "அடிக்கடி" என்று பதிவு செய்யுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் போன் அடிக்கிறது, பேசுபவர் யார், முதல் வாக்கியமாக என்ன சொல்கிறார் என்று எழுதிவையுங்கள். ஒரு மணி நேரம் கழிந்தும் அடிக்கவில்லை என்றால், திங்கட்கிழமை தொடக்கவிழாவைத் தள்ளிவையுங்கள்.